பெயரைக் கேட்பதா, பொருளைக் கேட்பதா?

வாத்தியக் குழு ஒன்று மேடையில் அமர்ந்திருக்கிறது. நடத்துபவர் கையை உயர்த்தி ஒரே ஒரு சைகை காட்டுகிறார். வீணைக்காரர் தந்தியை மீட்டுகிறார், குழல்காரர் ஊதுகிறார், மிருதங்கக்காரர் தட்டுகிறார். ‘நீர் மீட்டும், நீர் ஊதும், நீர் தட்டும்’ என்று நடத்துபவர் தனித்தனியே சொல்லவில்லை. ‘வாசி’ என்பது ஒரே கட்டளை. அதை நிறைவேற்றும் விதம் கட்டளையைப் பெற்றவரைப் பொறுத்தது. நாளைக்கு ஒரு கிளாரினெட்டுக்காரர் புதிதாக வந்து சேர்ந்தாலும், நடத்துபவர் தம் சைகையை மாற்றிக்கொள்ள வேண்டியதில்லை.

கணிப்பொறிகளுக்கு நிரல் எழுதுவோரும் இத்தகைய ஏற்பாட்டைத்தான் விரும்பினர். ஆனால் யந்திரத்துக்குக் குறிப்பறியும் திறம் கிடையாது. ‘வாசி’ என்ற கட்டளை வந்ததும் எந்த இடத்தில் உள்ள எந்த வரிசையை நிறைவேற்றுவது என்பதை யாராவது, எப்பொழுதாவது முடிவு செய்தே ஆகவேண்டும். யார் செய்வது? எப்பொழுது செய்வது? நேயர்களே, இன்று நான் பேச எடுத்துக்கொண்டிருப்பது இந்த ஒரு கேள்வியைத்தான். கேள்வி சிறிது. ஆயினும் இதற்குத் தவறான விடையைத் தன்னுள் வைத்திருக்கும் நிரல், யாருக்கும் எந்த எச்சரிக்கையும் தராமல், ஒரு முதியவரின் வட்டிப் பணத்தைக் குறைத்துவிடக் கூடும்.

சில சொற்களை முதலில் தெளிவாக்கிக்கொள்வோம். செய்தியையும் செயலையும் ஒன்றாகக் கட்டிவைத்த சிறு தொகுதியை, நிரல் எழுதுவோர் ‘பொருள்’ என்கின்றனர். ஒரு வங்கிக் கணக்கை எடுத்துக்கொண்டால், அதிலுள்ள தொகையும் வட்டி விகிதமும் செய்தி. வட்டியைக் கணக்கிடுவது அதன் செயல்முறை. ஒரே அமைப்பை உடைய பொருள்கள் யாவும் ஓர் இனம். கிளாஸ் என்று வழங்குவது இதைத்தான். ஓர் இனத்திலிருந்து கிளை இனம் தோன்றலாம். கிளை இனம் தாய் இனத்தின் செயல்முறைகளை மரபுரிமையாகப் பெறும்; விரும்பினால் அவற்றுள் ஒன்றைத் தனக்கு ஏற்றவாறு மாற்றியும் எழுதிக்கொள்ளும்.

மனிதர் எழுதிய நிரலை யந்திரத்தின் மொழிக்கு மாற்றித் தருவது கம்பைலர் என்னும் மொழிபெயர்ப்பி. அது வேலையை முடித்த பிறகு, சில நாட்களோ சில ஆண்டுகளோ கழித்து, நிரல் ஓடுகிறது. ஆகவே நம் கேள்விக்கு முடிவு காண இரண்டு வேளைகள் உள்ளன. மொழிபெயர்க்கும்பொழுதே ‘இந்தக் கட்டளைக்கு இந்தச் செயல்முறை’ என்று முடிச்சுப் போட்டுவிட்டால் அது முன்பிணைப்பு. ஸ்டாட்டிக் பைண்டிங் என்று நூல்கள் கூறுவது இதையே. முடிச்சைப் போடாமல் வைத்திருந்து, நிரல் ஓடும்பொழுது எதிரில் வந்து நிற்கும் பொருளைப் பார்த்த பிறகு போட்டால் அது பின்பிணைப்பு. டைனமிக் பைண்டிங் என்பர். முன்பிணைப்பு பெயரைக் கேட்கிறது. பின்பிணைப்பு பொருளைக் கேட்கிறது.

இப்பொழுது வங்கிக்குச் செல்வோம். ‘வைப்புக் கணக்கு’ என்பது தாய் இனம். ஆண்டுக்கு 7 சதவீத வட்டி என வைத்துக்கொள்வோம். மூத்த குடிமக்களின் வைப்புத் தொகைக்கு வங்கிகள் சற்றுக் கூடுதலான வட்டி தருவது நம் நாட்டு வழக்கம். ஆகவே ‘மூத்தோர் வைப்பு’ என்று ஒரு கிளை இனம் அமைத்து, அதில் வட்டிச் செயல்முறையை 7.5 சதவீதமாக மாற்றி எழுதுகிறார் ஒருவர். 1,00,000 ரூபாய்க்குத் தாய் இனத்தின் கணக்கில் 7,000 ரூபாய். கிளை இனத்தின் கணக்கில் 7,500 ரூபாய். கூட்டு வட்டியை இங்கே இழுக்க வேண்டாம்; விஷயம் அதுவன்று.

ஆண்டு முடிவில் எல்லாக் கணக்குகளும் ஒரே பட்டியலில் வந்து நிற்கின்றன. பட்டியலின் தலையில் ‘வைப்புக் கணக்குகள்’ என்ற பொதுப் பெயர் இருக்கிறது. நிரல் ஒவ்வொன்றாக எடுத்து, ‘வட்டியைக் கணக்கிடு’ என்கிறது. மொழிபெயர்ப்பிக்குத் தெரிந்ததெல்லாம் அந்தப் பொதுப் பெயர் ஒன்றுதான். பட்டியலில் மூன்றாவதாக வரப்போகும் கணக்கு மூத்தவருடையதா அல்லவா என்பது அதற்கு எப்படித் தெரியும்? வாடிக்கையாளர் இன்னும் வங்கி வாசலுக்கே வரவில்லையே! ஆகவே முன்பிணைப்பு நடந்திருந்தால், எல்லோருக்கும் 7 சதவீதம். மூத்தவர் 500 ரூபாய் இழக்கிறார்.

இதில் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. இந்த நிரலை எழுதியவர் சோதித்துப் பாராமலா இருந்திருப்பார்? சோதித்திருப்பார். ஒரு மூத்தோர் வைப்பை உண்டாக்கி, அதை ‘மூத்தோர் வைப்பு’ என்ற பெயராலேயே அழைத்து, வட்டி என்ன என்று கேட்டிருப்பார். 7,500 என்று சரியான விடை வந்திருக்கும். பெயரும் பொருளும் ஒத்திருக்கும் இடத்தில் முன்பிணைப்பும் பின்பிணைப்பும் ஒரே விடையைத்தான் தரும். அதே பொருள், அதே நாள், அதே நினைவுப் பகுதி. பொதுப் பெயர் கொண்ட பட்டியலுக்குள் சென்றதும் 7,000 என்கிறது. பொருள் மாறவில்லை, அதை அழைத்த பெயர் மாறிற்று. மொழிபெயர்ப்பி இதைப் பிழையாகக் கருதுவதில்லை. அதன் நோக்கில் தாய் இனத்தின் செயல்முறை நல்ல செயல்முறையே. நிரல் நின்றுபோவதும் இல்லை. 7,000 என்பது பார்வைக்கு நியாயமான தொகையாகவும் இருக்கிறது. வாடிக்கையாளரே கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் உண்டு.

இது கற்பனை உதாரணம்தான். ஆயினும் சி பிளஸ் பிளஸ் என்ற மொழியில் ஒரு சொல்லை எழுத மறந்தால் நடப்பது இதுவே. ‘வர்ச்சுவல்’ என்பது அந்தச் சொல். தாய் இனத்தில் வட்டிச் செயல்முறைக்கு முன்னால் அதை எழுதினால் பின்பிணைப்பு, எழுதாவிட்டால் முன்பிணைப்பு. தமிழில் இந்தச் சொல்லை மெய்நிகர் என்று பெயர்த்திருக்கின்றனர். மற்ற இடங்களில் அது பொருந்தலாம். இங்கே பொருந்துவதாக எனக்குத் தோன்றவில்லை. மெய்யைப் போன்ற ஒன்று இதில் ஏதும் இல்லை. ‘பொருளைக் கேட்டுச் செய்’ என்பதே அதன் கருத்து.

அந்தச் சொல் பிறந்த இடம் நார்வே நாட்டுத் தலைநகரான ஆஸ்லோ. அங்கே நார்வேஜியக் கணிப்பு மையத்தில் ஓலே யோகான் டால், கிறிஸ்டன் நியூகார்டு என்ற இருவர் சிமுலா என்ற மொழியை உருவாக்கினர். உலக நிகழ்ச்சிகளைக் கணிப்பொறிக்குள் நடத்திப் பார்ப்பதற்கென எழுந்தது அது. பெயரே அதைச் சொல்லும். துறைமுகத்துக்குக் கப்பல்கள் வருகின்றன, சரக்கை இறக்குகின்றன, வரிசையில் காத்திருக்கின்றன என்று கொள்வோம். எல்லாம் கப்பல்களே, ஆனால் எண்ணெய்க் கப்பல் இறக்கும் விதம் வேறு, தானியக் கப்பல் இறக்கும் விதம் வேறு. பொதுவான ‘இறக்கு’ என்ற கட்டளை, வந்து நிற்கும் கப்பலைப் பார்த்துத்தான் பொருள்பட வேண்டும். 1967-ஆம் ஆண்டில் வெளியான சிமுலா 67-இல், இனமும் கிளை இனமும் இத்தகைய பின்பிணைப்பும் ஒருங்கே அமைந்தன. இருவருக்கும் 2001-ஆம் ஆண்டுக்கான டூரிங் பரிசு வழங்கப்பட்டது. 2002-ஆம் ஆண்டில், சில வார இடைவெளியில், இருவருமே மறைந்தனர்.

டென்மார்க்கைச் சேர்ந்த பியார்ன் ஸ்ட்ரோஸ்ட்ரப் கேம்பிரிட்ஜில் ஆராய்ச்சி மாணவராக இருந்தபொழுது சிமுலாவைக் கையாண்டார். நிரலை ஒழுங்குபடுத்த அது தந்த வசதி அவருக்கு மிகவும் பிடித்தது. ஆனால் அது ஓடிய வேகமோ பொறுக்க முடியாததாக இருந்தது. தம் நிரலை வேறொரு மொழியில் திரும்ப எழுத வேண்டியதாயிற்று. பின்னர் அமெரிக்காவின் பெல் ஆராய்ச்சிக் கூடத்தில் 1979-இல் அவர் தொடங்கிய வேலைதான் சி பிளஸ் பிளஸ் ஆக வளர்ந்தது. பயன்படுத்தாத வசதிக்கு விலை கொடுக்க நேரக் கூடாது என்பது அவர் கொண்ட நெறி. பின்பிணைப்பு வேண்டுமென்று கேட்டவருக்கு மட்டும் அது கிடைக்கும், கேளாதவருக்கு முன்பிணைப்பே. மறதியின் விலையை வாடிக்கையாளர் செலுத்த வேண்டிவருவது இந்த நெறியின் மறுபக்கம்.

அந்தப் பின்பிணைப்புக்கு உண்மையில் எவ்வளவு விலை? இயங்கும் விதத்தைப் பார்த்தால் தெரியும். ஒவ்வோர் இனத்துக்கும் ஒரு முகவரி அட்டவணை இருக்கிறது. வைப்புக் கணக்கின் அட்டவணையில் முதல் கட்டத்தில் வட்டிச் செயல்முறையின் முகவரி இருந்தால், மூத்தோர் வைப்பின் அட்டவணையிலும் முதல் கட்டத்தில் அதன் சொந்த வட்டிச் செயல்முறையின் முகவரி இருக்கும். ஒவ்வொரு பொருளும் தன் இனத்தின் அட்டவணை இருக்கும் இடத்தைத் தன்னுள் குறித்து வைத்திருக்கும். இன்றைய 64 பிட் யந்திரங்களில் இக்குறிப்புக்கு 8 பைட்டு இடம் பிடிக்கும். நிரல் ஓடும்பொழுது பொருளைப் பார்த்து, அட்டவணைக்குப் போய், முதல் கட்டத்தில் உள்ள முகவரிக்குத் தாவ வேண்டும். இரண்டு படிகள் கூடுதல், அவ்வளவே. இங்கே ஓர் அழகு இருக்கிறது. எந்தச் செயல்முறை என்பது தெரியாவிட்டாலும், எத்தனையாவது கட்டம் என்பதை மொழிபெயர்ப்பி முன்கூட்டியே அறிந்திருக்கிறது. பின்பிணைப்பின் உள்ளேயே ஒரு முன்பிணைப்பு ஒளிந்திருக்கிறது.

நேரடியாகத் தாவும்பொழுது மொழிபெயர்ப்பி மற்றோர் உதவியும் செய்ய இயலும். செயல்முறை சிறியதாக இருந்தால், தாவுவதையே தவிர்த்து, அதன் வரிகளை அழைத்த இடத்திலேயே பதித்துவிடும். யாரைக் கூப்பிடப் போகிறோம் என்று தெரியாத பின்பிணைப்பில் இது எளிதில் கைகூடாது. வேகத்தில் பெரிய நஷ்டம் அந்த இரண்டு படிகளால் அன்று. இந்த வாய்ப்பு போவதால்தான்.

கலிபோர்னியாவில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆராய்ச்சி மையத்தில் ஆலன் கேயும் அவருடைய கூட்டாளிகளும் வேறு வழியில் சென்றனர். அவர்கள் 1972 முதல் வளர்த்த ஸ்மால்டாக் மொழியில் முன்பிணைப்பு என்பதற்கே இடமில்லை. எல்லாம் பொருள்கள், பொருளுக்குப் பொருள் செய்தி அனுப்பும், பெற்ற பொருளே முடிவு செய்யும். எண்ணோடு எண்ணைக் கூட்டுவதும்கூடச் செய்திதான். நிரல் ஓடிக்கொண்டிருக்கும்பொழுதே செயல்முறையை மாற்றலாம். எழுத்துப் பிழையுள்ள செய்தியை அனுப்பினால் மட்டும் யாரும் முன்கூட்டித் தடுப்பதில்லை. ஓடும் வேளையில் ‘எனக்கு இது விளங்கவில்லை’ என்று பொருள் விடையளிக்கும். வங்கியின் ஆண்டு முடிவு இரவில் அந்த விடை வருவதை எந்த மேலாளரும் விரும்பமாட்டார். இன்று பள்ளிப் பிள்ளைகள் கற்கும் பைத்தான் மொழியும் இந்த வழியைச் சார்ந்ததே.

சன் நிறுவனத்திலிருந்து 1995-இல் வெளிவந்த ஜாவா நடுவழியை நாடிற்று. அதில் பொருள்களின் செயல்முறைகள் இயல்பாகவே பின்பிணைப்பு உடையவை. கிளை இனம் மாற்றி எழுத இடமில்லாதவை, இனத்துக்கே பொதுவானவை, வெளியார் காண முடியாதவை ஆகியவை மட்டும் இதற்கு விலக்கு. நம் மூத்தவரின் 500 ரூபாய் இங்கே தப்பிவிடும். ஆயினும் ஆபத்து வேறு கதவு வழியே வருகிறது.

ஜாவாவில் எல்லா இனங்களுக்கும் மூதாதையான ஓர் இனம் உண்டு. அதற்கு ‘நீ இதற்குச் சமமா?’ என்று கேட்கும் ஒரு செயல்முறை இருக்கிறது. எதிரே எந்தப் பொருளை நிறுத்தினாலும் ஏற்கும். ஓய்வூதியர் இனத்தை எழுதும் ஒருவர், ‘ஓய்வூதியரை ஓய்வூதியரோடுதானே ஒப்பிடப்போகிறேன்’ என்று நினைத்து, ஓய்வூதியரை மட்டும் ஏற்கும் ‘சமமா’ ஒன்றை எழுதுகிறார். பெயர் ஒன்றே, ஏற்கும் பொருள் வேறு. இது மூதாதையின் செயல்முறையை மாற்றி எழுதியது ஆகாது. அதன் பக்கத்தில் அதே பெயரோடு இன்னொன்றை வைத்தது ஆகும். ஒரே பெயருடைய இரண்டில் எது என்பதை, அழைக்கும் இடத்தில் உள்ள பெயரைப் பார்த்து மொழிபெயர்ப்பி முன்கூட்டியே தீர்மானித்துவிடுகிறது. பட்டியலைப் பாதுகாக்கும் பொதுநிரலோ எந்தப் பொருளையும் ஏற்பதாக எழுதப்பட்டது. ஆகவே அது மூதாதையின் ‘சமமா’வை அழைக்கிறது. நினைவில் ஒரே இடத்தில் இருக்கும் பொருளைத்தான் அந்த ‘சமமா’ சமம் என்னும். விளைவு, ஒரே எண் உடைய ஒரே ஓய்வூதியர் பட்டியலில் இரண்டு முறை ஏறிவிடுகிறார். பின்பிணைப்பு மொழி என்று நம்பியிருந்த இடத்தில் முன்பிணைப்பு வந்து உட்கார்ந்துகொண்டது. 2004-இல் வந்த ஜாவா 5-இல், ‘இது தாய் இனத்தின் செயல்முறையை மாற்றி எழுதியதே’ என்று மேலே குறிப்பு எழுதும் வசதி ஏற்பட்டது. குறிப்பு பொய்யாக இருந்தால் மொழிபெயர்ப்பி மறுத்துவிடும். சி பிளஸ் பிளஸ்ஸுக்கும் இத்தகைய குறிப்பு 2011-ஆம் ஆண்டுத் திட்டத்தில் வந்தது. இரண்டிலும் குறிப்பு எழுதுவது கட்டாயமன்று என்பது எனக்குக் குறையாகவே படுகிறது.

பிறக்கும் வேளையைப் பற்றியும் ஒரு வார்த்தை. மூத்தோர் வைப்பு ஒன்று உண்டாகும்பொழுது முதலில் அதன் தாய்ப் பகுதி அமைகிறது. பிறகே தன் பகுதி. தாய்ப் பகுதி அமையும்பொழுதே ‘வட்டி என்ன?’ என்று கேட்டால்? ‘இது இன்னும் மூத்தோர் வைப்பு ஆகவில்லை’ என்று சி பிளஸ் பிளஸ் தாய் இனத்தின் செயல்முறையை அழைக்கும். ஜாவாவோ கிளை இனத்தின் செயல்முறையையே அழைத்துவிடும். ஆனால் அந்தச் செயல்முறை நாடும் கூடுதல் அரை சதவீதம் இன்னும் எழுதப்படாமல் பூஜ்யமாக இருக்கும். இரு மொழியும் இரு விதமாக நியாயம் பேசுகின்றன. இரண்டிலும் மூத்தவருக்கு 7,000 தான்! பிறந்து முடியாத பொருளிடம் கேள்வி கேட்காமல் இருப்பதே நல்லது.

2000-ஆம் ஆண்டில் மைக்ரோசாப்ட் நிறுவனம் அறிவித்த சி ஷார்ப் மொழியை வகுத்தவர்களில் முதன்மையானவர் ஆண்டர்ஸ் ஹெயில்ஸ்பெர்க். முன்பிணைப்பையே இயல்பாக வைத்து, தாய் இனத்தில் ‘மாற்றலாம்’ என்றும் கிளை இனத்தில் ‘மாற்றுகிறேன்’ என்றும் இரு தரப்பும் எழுத்தில் ஒப்புக்கொண்டால்தான் பின்பிணைப்பு என்று அவர்கள் விதித்தனர். வேகம் ஒரு காரணம். மற்றொரு காரணம் எனக்கு அதைவிட முக்கியமாகப் படுகிறது. தாய் இனத்தைச் சென்னையில் ஒருவர் எழுதுகிறார். கிளை இனத்தைப் புனேயில் இன்னொருவர் எழுதி அதில் ‘சரிபார்’ என்ற செயல்முறையைச் சேர்க்கிறார். மறு ஆண்டில் சென்னைக்காரர் தம் தாய் இனத்திலும் தற்செயலாக ‘சரிபார்’ என்று ஒன்றைச் சேர்க்கிறார். அவர் கருத்து வேறு. எல்லாமே பின்பிணைப்பு என்றால், சென்னைக்காரரின் கட்டளை புனேக்காரரின் செயல்முறைக்குப் போய்ச் சேரும். இருவரும் தவறு செய்யவில்லை. ஒருவரை ஒருவர் அறிந்ததும் இல்லை. சி ஷார்ப் மொழிபெயர்ப்பி இரண்டையும் வேறு வேறாகவே வைத்து, பெயர் மோதுவதை எச்சரிக்கும். மாற்றும் உரிமை கேட்டுப் பெற வேண்டிய ஒன்று என்ற கட்சியில் நானும் சேர்ந்தவன்.

அப்படியானால் பின்பிணைப்பு மொழிகள் என்றென்றும் மெதுவாகவே ஓட வேண்டுமா? வேண்டியதில்லை. 1984-இல் பீட்டர் டாய்ச்சும் ஆலன் ஷிஃப்மனும் ஸ்மால்டாக்கை வேகப்படுத்த முயன்றபொழுது ஒன்றைப் பயன்படுத்திக்கொண்டனர். நிரலில் ஒரு குறிப்பிட்ட இடத்தில் இருந்து அழைக்கும்பொழுது, போன தடவை வந்த இனமே இந்தத் தடவையும் பெரும்பாலும் வருகிறது. ஆகவே சென்ற முறை கண்ட விடையை அந்த இடத்திலேயே குறித்துவைத்து, ‘அதே இனம்தானா?’ என்று மட்டும் பார்த்தால் போதும். வேறு இனம் வந்தால்தான் முழுத் தேடல். 1991-இல் செல்ஃப் என்ற மொழியில் பணிபுரிந்த ஹோல்ஸ்லே, சேம்பர்ஸ், உங்கர் ஆகிய மூவரும் இதை விரித்து, ஓர் இடத்தில் பல இனங்களுக்கான விடைகளையும் குறித்துவைக்கும் வழி கண்டனர்.

இக்கருத்துகளின் வழித்தோன்றலாக ஜாவாவுக்கு 1999-இல் ஹாட்ஸ்பாட் என்ற இயக்கி வந்தது. அதன் துணிச்சல் வியப்புக்குரியது. ஓடிக்கொண்டிருக்கும் நிரலில் வட்டிச் செயல்முறையை மாற்றி எழுதிய கிளை இனம் எதுவும் இதுவரை ஏறவில்லை என்று கண்டால், பின்பிணைப்புள்ள அந்த அழைப்பை முன்பிணைப்பாகவே நடத்தி, செயல்முறையின் வரிகளை அழைத்த இடத்திலேயே பதித்துவிடும். அதே வேளையில், தான் எந்த ஊகத்தின் மேல் இதைச் செய்தோம் என்பதையும் குறித்து வைத்துக்கொள்ளும். பிறகொரு நாள் மூத்தோர் வைப்பு என்ற கிளை இனம் புதிதாக நிரலுக்குள் ஏறினால், ஊகம் பொய்த்துவிட்டது என்று அறிந்து, அவ்வாறு ஆக்கிய பகுதியை ஒதுக்கிவிட்டு, மெதுவான பழைய வழிக்கே திரும்பும். அங்கிருந்து, இப்பொழுது இரண்டு இனங்கள் உண்டு என்ற அறிவோடு, அந்தப் பகுதியை மறுபடி ஆக்கிக்கொள்ளும். இவ்வளவும் நடப்பது நிரல் ஓடிக்கொண்டிருக்கும்பொழுதே. மூத்தவரின் கணக்கு முதன்முறை வந்து நிற்கும்பொழுது, அவருக்கு 7,500 என்றே விடை வருகிறது.